யோசேப்பஸ்: தீர்க்கதரிசனத்துக்கும் வாளுக்கும் நடுவே வாழ்ந்த வரலாற்றாசிரியர்

உலகின் ஏதேனுமொரு பகுதியில் பெரும் யுத்தம் மூளும்போதும், பூமி அதிரும்போதும், வேதாகமத்தின் தானியேல் ஆகமத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, அங்கே சொல்லப்பட்டது இதுவேயென நாள் குறிப்போர் தோன்றுவது நாம் நெடுங்காலமாகக் கண்டுவரும் வழக்கமாகும். குறித்த நாள் வந்து கடந்துபோகும். கணக்கு திருத்தப்பட்டு வேறொரு நாள் குறிக்கப்படும். பெரும்பாலும் இதனால் எவருக்கும் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆயினும் தீர்க்கதரிசனத்தை எப்படி வாசிப்பது என்ற கேள்வி ஒரு நகரத்தின் தலைவிதியோடு பின்னிக்கிடந்த காலமொன்று வரலாற்றில் உண்டு. அந்த நகரம் எருசலேம், ஆண்டு கி.பி. 70.

அந்த அழிவை மதிலுக்கு வெளியே நின்று கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் பிளேவியஸ் யோசேப்பஸ். அவர் வெறும் சாட்சியல்லர். தமது இனத்தின் வேதவாக்கைப் பகைவரின் தளபதிக்குச் சாதகமாக விளக்கி, அதனாலேயே உயிர்பிழைத்தவர். இதன் காரணமாக அவரைத் துரோகியென்று இகழ்ந்தோர் பலர். அவரன்றி அக்காலத்து யூதேயாவின் வரலாறு நமக்குக் கிடைத்திராது என்று போற்றியோரும் பலர். இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடையில் அந்த மனிதர் உண்மையில் எங்கே நின்றார் என்பதை ஆராய்வது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

மத்தியாவின் மகனாகிய யோசேப்பு என்பதே அவரது இயற்பெயர். கி.பி. 37 இல், காயு கலிகுலா ரோமப் பேரரசரான ஆண்டில், எருசலேமில் உயர்ந்த ஆசாரியக் குடும்பமொன்றில் பிறந்தார். மக்கபேயர் வழிவந்த ஹஸ்மோனிய அரச குலத்தோடும் தமக்கு இரத்த உறவு உண்டென அவர் பெருமையோடு பதிந்துள்ளார். இளம் வயதில் பரிசேயர், சதுசேயர், எஸ்சேனர் ஆகிய மூன்று பிரிவினரின் போதனைகளையும் பயின்றார். பின்னர் வனாந்தரத்தில் மரவுரி தரித்துத் தவவாழ்வு வாழ்ந்த பன்னஸ் என்பவரிடம் மூன்று ஆண்டுகள் சீடராயிருந்தார். பத்தொன்பதாவது வயதில் நகரத்துக்குத் திரும்பிப் பரிசேயரின் நெறியைத் தழுவினார்.

இருபத்தாறு வயதளவில் அவர் ரோமாபுரிக்குக் கடற்பயணம் மேற்கொண்டார். யூதேயாவின் தேசாதிபதியினால் கைதிகளாக அனுப்பப்பட்டிருந்த சில ஆசாரியர்களை விடுவிப்பதே அப்பயணத்தின் நோக்கம். ஏறத்தாழ அறுநூறு பேரை ஏற்றிச்சென்ற கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. இரவு முழுவதும் நீந்தி, மற்றொரு கப்பலால் மீட்கப்பட்ட எண்பது பேரளவில் அவரும் ஒருவர். ரோமாபுரியில் யூத நடிகர் ஒருவரின் நட்பினால் நீரோ மன்னனின் மனைவி பொப்பேயாவின் தயவைப் பெற்று, வந்த காரியத்தை முடித்தார். அப்பயணம் அவருக்கு உணர்த்திய பாடம் ஒன்றுண்டு. ரோமின் படைபலமும் செல்வமும் எத்தகையன என்பதை எருசலேமின் இளைஞர்களில் மிகச் சிலரே நேரில் கண்டிருந்தனர். அவர்களுள் ஒருவராக அவர் ஊர் திரும்பியபோது, நாடு கிளர்ச்சியின் விளிம்பில் நின்றது.

அக்கிளர்ச்சியின் மூலத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் அவசியமாகும். கி.மு. 586 இல் பாபிலோனியர் எருசலேமையும் முதலாவது தேவாலயத்தையும் அழித்தனர். மீண்டும் கட்டப்பட்ட தேவாலயத்தைக் கி.மு. 167 இல் சிரியாவின் கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் தீட்டுப்படுத்தினான். மக்கபேயர் போராடி மூன்று ஆண்டுகளில் அதனை மீட்டுச் சுத்திகரித்தனர். கி.மு. 63 இல் ரோமத் தளபதி பொம்பே எருசலேமைக் கைப்பற்றினான். கி.பி. 6 இல் யூதேயா ரோமின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. இவ்வாறு பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மிதித்த மண்ணில் வாழ்ந்த மக்களுக்குத் தானியேலின் ஆகமம் பழங்கதையாக இருக்கவில்லை. பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு ஆகியவற்றாலான பெருஞ்சிலையையும், கைகளாற் பெயர்க்கப்படாத கல்லொன்று உருண்டுவந்து அதனை நொறுக்குவதையும் பாபிலோன் மன்னன் கனவில் கண்டதாக அந்நூல் கூறுகின்றது. இரும்பு ரோமையே குறிக்கின்றது என்றும், கல் விழும் காலம் வந்துவிட்டது என்றும் அந்நாளில் பலர் நம்பினர்.

அந்நூலின் வரலாற்றுப் பின்னணியைக் குறித்து இன்றைய ஆய்வாளர்களிற் பெரும்பாலானோர் வேறு கருத்துடையவர்கள். தானியேல் ஆகமம் அந்தியோக்கஸின் கொடுமை நிகழ்ந்த காலத்திலேயே, கி.மு. 165 ஆம் ஆண்டளவில் தன் இறுதி வடிவத்தைப் பெற்றது என்பதும், அது முதலில் ஆறுதல் கூற முற்பட்டது அத்தலைமுறைக்கே என்பதும் அவர்களின் முடிவாகும். ஆயினும் ஒரு தலைமுறைக்கு ஆறுதலாக எழுந்த எழுத்து, இரண்டு நூற்றாண்டுகளின் பின் வந்த தலைமுறைக்குப் போர்முரசாக ஒலித்தது.

கி.பி. 66 இல் தேசாதிபதி புளோரஸ் தேவாலயத்தின் கருவூலத்திலிருந்து பதினேழு தாலந்துகளை எடுத்துக்கொண்டமை நெருப்பை மூட்டியது. கிளர்ச்சியை அடக்க வந்த சிரியாவின் ஆளுநர் செஸ்தியஸ் காலஸ், பின்வாங்கிச் செல்லும் வழியில் பெத்தொரோன் கணவாயில் படுதோல்வியடைந்தார். அவ்வெற்றி மக்களுக்குப் பெரும் துணிவைத் தந்தது. அளவுக்கு மிஞ்சிய துணிவென்றே பின்னர் யோசேப்பஸ் எண்ணினார். எனினும் எருசலேமின் தலைமை அவரைக் கலிலேயாவுக்குப் பொறுப்பாக அனுப்பியபோது அவர் மறுக்கவில்லை. இருபத்தொன்பது அல்லது முப்பது வயதில், போர் அனுபவமேதுமற்ற அந்த ஆசாரியர் ஒரு மாகாணத்தின் காவலரானார்.

மறு ஆண்டு நீரோவின் கட்டளைப்படி தளபதி வெஸ்பாசியன் பெரும்படையோடு கலிலேயாவில் இறங்கினார். மலைமேலிருந்த யோதபாத்தா என்னும் கோட்டைநகரில் யோசேப்பஸ் முற்றுகைக்குள்ளானார். நாற்பத்தேழாம் நாள் நகரம் வீழ்ந்தது. அவரும் நாற்பது பேரும் நிலத்தடிக் குகையொன்றில் மறைந்தனர். சரணடைவதைவிட மரணமே மேலென்று உடனிருந்தோர் வற்புறுத்தியதன்பேரில், சீட்டுப்போட்டு ஒருவரையொருவர் கொன்று மடிவதென முடிவாயிற்று. இறுதியில் எஞ்சியவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் யோசேப்பஸ். மற்றவரை இணங்கச்செய்து அவர் குகையை விட்டு வெளியே வந்தார். தாம் தப்பியமை தெய்வத்தின் அருளோ தற்செயலோ என்று அவரே எழுதிச் சென்றார். அதில் சூழ்ச்சி இருந்திருக்கலாமென அவரது வாசகர்கள் இருபது நூற்றாண்டுகளாகச் சந்தேகித்து வருகின்றனர்.

அடுத்து நிகழ்ந்ததே அவரது வாழ்வை இரண்டாகப் பிளந்தது. கைதியாக நீரோவிடம் அனுப்பப்படவிருந்த நிலையில், வெஸ்பாசியனைத் தனியே சந்திக்க அனுமதி கேட்டார். வெஸ்பாசியனும் அவரது மகன் டைட்டஸும் இருந்த இடத்தில், அவர் பேரரசராவார் என்றும் அவருக்குப் பின் அவரது மகனும் அரியணை ஏறுவார் என்றும் தெய்வத்தின் தூதராகவே தாம் அறிவிப்பதாகக் கூறினார். தாம் ஆசாரியர் என்பதாலும் வேதநூல்களின் தீர்க்கதரிசனங்களை அறிந்தவர் என்பதாலும், தாம் கண்ட கனவுகளின் பொருள் தமக்கு விளங்கியதென்பது அவர் தரும் விளக்கம். வெஸ்பாசியன் அதனை உடனே நம்பிவிடவில்லை. ஆயினும் கைதியை நீரோவிடம் அனுப்பாமல் தம்மிடமே விலங்கிட்டு வைத்துக்கொண்டார்.

கி.பி. 68 இல் நீரோ மாண்டான். கல்பா, ஓத்தோ, வித்தெல்லியு ஆகியோர் அடுத்தடுத்து அரியணை ஏறினர். 69 ஆம் ஆண்டு ஜூலை முதலாம் திகதி எகிப்திலிருந்த படையணிகள் வெஸ்பாசியனைப் பேரரசராகப் பிரகடனம் செய்தன. யோசேப்பஸின் விலங்கைத் திறப்பதோடு நில்லாது, அதனைக் கோடரியால் வெட்டியெறிய வேண்டுமென டைட்டஸ் வேண்டினார். குற்றமின்றி விலங்கிடப்பட்டவர் என்பதை உலகறியச் செய்யும் ரோமரின் முறை அது.

இந்த விளக்கத்தின் மையமான வேதவாக்கு எது? யூதேயாவிலிருந்து ஒருவர் எழுந்து உலகை ஆள்வார் என்ற ஐயத்துக்கிடமான வாக்கொன்று வேதத்தில் உண்டென்றும், மக்களைப் போருக்குத் தூண்டியவற்றுள் அதுவே முதன்மையானதென்றும் யோசேப்பஸ் எழுதுகின்றார். தம் இனத்தவர் ஒருவரையே அது குறிப்பதாக அறிஞர்கள் பலரும் தவறாக எண்ணினர் என்பதும், யூதேயாவில் இருந்தபோது பேரரசராக அறிவிக்கப்பட்ட வெஸ்பாசியனையே அது குறித்ததென்பதும் அவரது வாதம். எந்த ஆகமத்தின் எந்தப் பகுதி என்பதை அவர் சொல்லவில்லை. தானியேலின் தரிசனங்களையும், யாக்கோபிலிருந்து உதிக்கும் நட்சத்திரம் பற்றிய எண்ணாகமப் பகுதியையும் ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். ரோம வரலாற்றாசிரியர்களான தாசித்து, சுவெத்தோனியு ஆகியோரும் கிழக்கில் உலவிய இத்தகையதொரு வாக்கைப் பதிந்து, வெஸ்பாசியனுக்கே பொருத்தியுள்ளனர்.

இது உயிர்தப்பப் பேசிய முகஸ்துதி என்று ஒதுக்குவது எளிது. அப்படி ஒதுக்குவோர் கவனிக்கத் தவறும் உண்மையொன்றுண்டு. அந்நிய அரசனைத் தெய்வத்தின் கருவியாகக் காண்பது யூத மரபுக்குப் புதிதன்று. பாபிலோனியர் நகரை முற்றுகையிட்டபோது, நேபுகாத்நேச்சாரைத் தேவனின் ஊழியனென்று அழைத்து, பணிந்து பிழையுங்கள் என மன்றாடியவர் எரேமியா. அதற்காக அவரும் துரோகியென்று பழிக்கப்பட்டுத் துரவில் இறக்கப்பட்டார். ஏசாயாவின் ஆகமமோ பாரசீக மன்னன் கோரேசை அபிஷேகம் பண்ணப்பட்டவன் என்றே குறிக்கின்றது. யோசேப்பஸ் தம்மை எரேமியாவின் வரிசையில் வைத்தே எண்ணினார். ஆயினும் இருவருக்குமிடையே பெரும் வேறுபாடொன்று உள்ளது. எரேமியா முற்றுகைக்குட்பட்ட நகரத்தினுள் மக்களோடு பட்டினி கிடந்தவர். யோசேப்பஸ் முற்றுகையிட்டோரின் பாசறையிலிருந்து பேசினார்.

கி.பி. 70 இன் வசந்த காலத்தில், பஸ்கா பண்டிகைக்காக மக்கள் திரண்டிருந்த வேளையில் டைட்டஸ் எருசலேமைச் சூழ்ந்தார். உள்ளே கிஸ்கலா யோவான், கியோராவின் மகன் சீமோன், எலெயாசர் ஆகியோரின் அணிகள் தமக்குள் பொருது, பல ஆண்டுகளுக்குப் போதுமான தானியக் களஞ்சியங்களைத் தாமே எரித்திருந்தன. யோசேப்பஸ் மதிலைச் சுற்றி நடந்து, தாய்மொழியில் சரணடையுமாறு இறைஞ்சினார். உள்ளிருந்தோர் கற்களால் பதிலளித்தனர். கல்லொன்று தலையில் பட்டு அவர் மயங்கி வீழ்ந்தபோது நகரத்தினுள் மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. அப்போது அவரது தாய் உள்ளே சிறையிலிருந்தார்.

முற்றுகையின் இறுதி நாட்களைப் பற்றி அவர் எழுதியவற்றுள் நம் மனத்தை மிகவும் வருத்துவது ஒரு நிகழ்ச்சி. தேவாலயம் தீப்பற்றிய நாளில், அங்கே சென்றால் இரட்சிப்பின் அடையாளங்களைக் காண்பீர்கள் என்று ஒருவன் தீர்க்கதரிசனம் கூறினான். அதனை நம்பிப் பெண்களும் பிள்ளைகளுமாக ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வெளிப்பிராகாரத்தின் மண்டபமொன்றில் கூடினர். படைவீரர் அம்மண்டபத்துக்குத் தீயிட்டனர். ஒருவரும் பிழைக்கவில்லை. மக்கள் தப்பியோடாதிருக்கும் பொருட்டு இத்தகைய தீர்க்கதரிசிகளை ஆயுதம் ஏந்திய தலைவர்களே ஏவி விட்டனர் என்பது அவரது கடுமையான குற்றச்சாட்டாகும்.

இதற்கு மாறான ஒருவரையும் அவர் நமக்குக் காட்டுகின்றார். போருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், கூடாரப் பண்டிகையின்போது அனனியாவின் மகன் இயேசு என்னும் எளிய குடியானவர் நகரத்தின் அழிவைக் கூவி அறிவிக்கத் தொடங்கினார். தேசாதிபதி அவரைச் சவுக்கால் அடித்துப் பார்த்துப் பைத்தியமென விட்டுவிட்டார். ஏழு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும் ஓயாமல் கூவிய அவர், முற்றுகையின்போது மதிலின்மேல் நின்ற வேளையில் எறிபொறியின் கல்பட்டு இறந்தார். வெற்றியை வாக்களித்தவருக்கு ஆறாயிரம் பேர் செவிசாய்த்தனர். அழிவை எச்சரித்தவரோ பரிகாசத்துக்குள்ளானார்.

போரில் பதினொரு இலட்சம் பேர் மாண்டனர் என யோசேப்பஸ் தரும் தொகையை இன்றைய ஆய்வாளர்கள் மிகைப்பட்டதாகக் கொள்கின்றனர். அழிவின் அளவைக் குறித்துச் சர்ச்சையில்லை. நகரம் வீழ்ந்தபின், விரும்பியதை எடுத்துக்கொள்ளுமாறு டைட்டஸ் அனுமதித்தபோது, வேதச்சுருள்களையும் உறவினர், நண்பர்களின் விடுதலையையும் அவர் கேட்டுப் பெற்றார். ஒருநாள் தெக்கோவாவிலிருந்து திரும்பும் வழியில் சிலுவைகளில் அறையப்பட்டிருந்தோரிடையே தமக்கு அறிமுகமான மூவரைக் கண்டு, கண்ணீரோடு டைட்டஸிடம் முறையிட்டார். மூவரும் இறக்கப்பட்டனர், ஒருவர் மாத்திரமே பிழைத்தார்.

எஞ்சிய வாழ்நாள் ரோமாபுரியில் கழிந்தது. வெஸ்பாசியன் முன்னர் வாழ்ந்த இல்லத்தில் இருப்பிடமும், ரோமக் குடியுரிமையும், உதவித்தொகையும் கிடைத்தன. பேரரசரின் குடும்பப் பெயரான பிளேவியஸ் அவருக்கும் உரியதாயிற்று. தேவாலயத்தின் குத்துவிளக்கு வெற்றி ஊர்வலத்தில் சுமந்து செல்லப்பட்டதையும் அவர் விவரித்துள்ளார். டைட்டஸின் பெயரால் ரோமாபுரியில் எழுப்பப்பட்ட வளைவில் அக்காட்சியை இன்றும் காணலாம். அங்கிருந்தே யூத யுத்தம் பற்றிய ஏழு நூல்களை, முதலில் தாய்மொழியிலும் பின்னர் கிரேக்கத்திலும் எழுதினார். கி.பி. 93 அல்லது 94 இல், தம் இனத்தின் தொன்மை வரலாற்றை இருபது நூல்களாக நிறைவு செய்தார். யூதரை இழித்துரைத்தோருக்கு மறுப்பாகவும் ஒரு நூல் எழுதினார். துரோகியெனப்பட்டவர் தம் மக்களின் மானத்தைக் காக்கவே தமது முதுமையைச் செலவிட்டார் என்பதை எவரும் மறுக்கவியலாது.

அத்தொன்மை வரலாற்றில் தானியேலைப் பற்றி எழுதும் பகுதியே அவரை விளங்கிக்கொள்வதற்கான திறவுகோலென நாம் எண்ணுகின்றோம். தானியேலின் தரிசனங்களை அவர் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பொருத்துகின்றார். அந்தியோக்கஸின் கொடுமை அங்கே முன்னுரைக்கப்பட்டதென்றும், ரோமரால் வந்த பாழ்க்கடிப்பைக் குறித்தும் தானியேல் எழுதியுள்ளார் என்றும் கூறுகின்றார். சிலையின் கனவுக்கு வருகின்றார், உலோகங்களை விளக்குகின்றார். கல்லை மாத்திரம் விளக்க மறுக்கின்றார். நடந்தவற்றை எழுதுவதே தமது கடமையென்றும், வரவிருப்பதை அறிய விரும்புவோர் தானியேலின் நூலையே வாசிக்கட்டும் என்றும் சொல்லி நகர்ந்துவிடுகின்றார். இரும்பையும் நொறுக்கும் கல் எதுவென்பதைப் பேரரசின் உதவித்தொகையில் வாழ்ந்தவர், கொடுங்கோலன் தொமித்தியனின் ஆட்சியில் எவ்வாறு எழுதுவார்? ஆனால் அவர் அதனை மறைத்துவிடவுமில்லை. வேறொரு பொருளைப் புனையவுமில்லை. பேரரசரிடம் ஒரு தீர்க்கதரிசனத்தை ஒப்படைத்தவர், மற்றொன்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். ரோமும் ஒருநாள் முடிவுறும் என்பதை அவர் நம்பியிருக்க வேண்டுமென்றே நமக்குத் தோன்றுகின்றது.

யூத மரபு யோசேப்பஸைக் காட்டிலும் மற்றொருவரைப் பெரிதும் மதிக்கின்றது. சக்காயின் மகன் யோகனான் என்னும் குரு, பிணப்பெட்டியில் கிடத்தப்பட்டு முற்றுகைக்குட்பட்ட எருசலேமிலிருந்து வெளியேறினார் என்றும், ஏசாயாவின் வாக்கொன்றைக் காட்டி வெஸ்பாசியன் அரசராவார் என அவரும் அறிவித்தார் என்றும் தல்மூது கூறுகின்றது. அவர் வேண்டிப்பெற்றது யவ்னே என்னும் ஊரையும் அங்கிருந்த அறிஞர்களையுமே. தேவாலயமின்றியும் யூத சமயம் வாழ வழிசெய்தது அந்தக் கல்விக்கூடம். மறுபுறத்தில், கி.பி. 132 இல் மீண்டும் கிளர்ச்சி வெடித்தபோது, பெரும் குருவான அக்கிபா அதன் தலைவரை யாக்கோபின் நட்சத்திரமென வரவேற்றார். பார் கோக்பா, அதாவது நட்சத்திரத்தின் மைந்தன், என்ற பெயர் நிலைத்தது. 135 இல் அக்கிளர்ச்சியும் பேரழிவில் முடிந்தது. எருசலேமின் பெயரே மாற்றப்பட்டது.

ஏறத்தாழ கி.பி. 100 ஆம் ஆண்டளவில் யோசேப்பஸ் காலமானார். அவரது நூல்களை அழியாது காத்தவர்கள் கிறிஸ்தவர்களே. எருசலேமின் அழிவைப் பற்றி இயேசு கிறிஸ்து முன்னுரைத்ததன் நிறைவேற்றத்தை அந்நூல்களில் நான்காம் நூற்றாண்டின் திருச்சபை வரலாற்றாசிரியர் யுசேபியஸ் கண்டார். கிறிஸ்துவைப் பற்றி அங்குள்ள புகழ்பெற்ற பந்தியில் பிற்காலத்தவரின் கைபட்டுள்ளதென்பது ஆய்வாளர் பெரும்பாலானோரின் கருத்தாகும். 1963 முதல் 1965 வரை மசாதா மலைக்கோட்டையில் நடைபெற்ற அகழ்வாய்வில், அவர் விவரித்த அரண்மனையும் களஞ்சியங்களும் வெளிப்பட்டன. ரோமர் எழுப்பிய முற்றுகை மேடு இன்றும் அங்கே நிற்கின்றது. அங்கே ஒன்பதினூற்று அறுபது பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்ட கதையை, தாம் ஒருகாலத்தில் மறுத்த அதே மரணத்தின் கதையை, மரியாதையோடு எழுதியவரும் அவரே.

யோசேப்பஸ் குற்றமற்றவர் என நாம் வாதிட முற்படவில்லை. குகையில் மாண்டவர்களின் கேள்விக்கு அவரிடம் நிறைவான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அவரது வாழ்வு தீர்க்கதரிசனம் வாசிப்போர் அனைவருக்கும் ஒரு படிப்பினையாகும். ஒரே வாக்கு ஒருவருக்கு வாளையும், ஒருவருக்கு உதவித்தொகையையும், ஒருவருக்குக் கல்விக்கூடத்தையும் ஈட்டித்தந்தது. வாக்கு மாறவில்லை, அதனை வாசித்தோரின் அச்சமும் ஆசையும் பொறுப்புணர்வுமே மாறின. எனவே நமக்கு முன் ஒருவர் வேதத்தை விரித்துவைத்து வெற்றியின் நாளைக் குறிக்கும்போது, அந்த நாள் பொய்த்தால் அவருடைய வார்த்தையை நம்பி மண்டபத்தில் கூடியிருப்போர் யாவர் என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.